பழுப்பு அட்டை போட்ட நாவல்

பேர் தெரியாது சார். எழுதினவர் பேரும் தெரியாது. அப்படி முழிக்காதீங்க. கதை முழுக்க எனக்குத் தெரியும், எட்டு மாசம் காதால கேட்டிருக்கேன். நான் சொல்லச் சொல்ல உங்களுக்கே இன்ன புத்தகம்னு பிடிபட்டுடும். பிடிபட்டதும் எடுத்துக் குடுங்க, நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கேன்.

காலையிலேருந்து இந்தத் தெருவுல நாலு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தன் சொல்றான், "மருந்துக் கடையில போய் வெள்ளை மாத்திரை குடுங்கன்னு கேப்பீங்களா"ங்கறான். இன்னொருத்தன் பாதிக் கதையிலேயே டீ குடிக்கப் போயிட்டான். பழைய புத்தகக் கடை வச்சிருக்கானாம், ஒரு கதையைப் பொறுமையா கேக்கத் துப்பில்லை. நீங்கதான் நாற்காலி எடுத்துப் போட்டீங்க. அதனால உங்ககிட்ட விஷயத்தைப் பட்டுன்னு சொல்லிடறேன். என் வீட்டுக்காரி, தையல்நாயகின்னு பேரு, பன்னெண்டு நாளைக்கு முன்னாடி வீட்டை விட்டுப் போயிட்டா. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு நாவலைப் படிச்சுக் கெட்டுப் போயிட்டா. அந்த நாவல்தான் எனக்கு வேணும். அது எவ்வளவு பெரிய குப்பைன்னு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நிரூபிச்சு, அவளைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்.

ஏன் முதல் ஞாயிறுன்னு கேக்கறீங்களா? அங்கதானே சார் இந்த வினையே ஆரம்பிச்சுது.

நான் குளித்தலை. அம்பலவாணன். சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டினவன். எங்க ஊர்ல முதல் ஞாயிறு வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில மாசத்துக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலரைக்குக் கூடுவோம். இருபது இருபத்தஞ்சு பேர் வருவாங்க, அதுல பாதி சுண்டலுக்கு வர்ற கும்பல். ஒவ்வொருத்தரா எழுந்திருச்சு, "நான் இப்ப படிச்சிட்டிருக்கிறது"ன்னு ஆரம்பிக்கணும். எத்தனாவது பக்கத்துல இருக்கேன், கதையில என்ன நடக்குது, எனக்குப் பிடிச்சிருக்கா இல்லையா, இவ்வளவுதான். மூணு நிமிஷம். மூணு நிமிஷம் தாண்டினா மணி அடிக்கும். மணி என் கையில.

அட்டை விதியைக் கொண்டு வந்ததும் நான்தான். முன்னாடியெல்லாம் என்ன பண்ணுவாங்கன்னா, பெரிய எழுத்தாளர் பேரைச் சொல்லி அட்டையைத் தூக்கிக் காட்டினாப் போதும், "ஆகா ஆகா"ன்னு எல்லாரும் தலையாட்டிடுவாங்க. உள்ளே படிச்சானா படிக்கலையான்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதனால ஒரு விதி போட்டேன். புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுத்தான் கூட்டத்துக்குக் கொண்டு வரணும். படிச்சு முடிக்கிற வரைக்கும் புத்தகத்தோட பேரையும் சொல்லக் கூடாது, எழுதினவர் பேரையும் சொல்லக் கூடாது. அடுத்தவங்க புத்தகத்தை வாங்கிப் பிரிச்சுப் பாக்கவும் கூடாது. கதை நல்லா இருந்தா பேர் இல்லாமலே நிக்கட்டுமே! நல்ல விதிதானே சார்? அந்த விதியாலதான் இன்னிக்கு நான் உங்க கடையில பேர் தெரியாம உட்கார்ந்திருக்கேன், அது வேற விஷயம்.

வர்ற ஆளுங்க லட்சணத்தையும் கேளுங்க. பல் டாக்டர் ரெஜினா மேரின்னு ஒரு அம்மா. ராஜா ராணி கதைதான் படிக்கும். ஜனவரியில ஒரு குதிரை ஆத்தைக் கடக்க நின்னுச்சு, ஜூலையிலும் அதே கரையில நிக்குது. "ரொம்ப விறுவிறுப்பா இருக்குங்க"ங்கும். எதுங்க விறுவிறுப்பு, குதிரைக்குக் கால் மரத்துப் போயிருக்கும். அடுத்து ரிட்டயர்டு தாசில்தார் சிங்காரம். மூணு பக்கத்துக்கு ஒரு கொலை விழற மாத நாவல். செத்தவனைச் சொல்லும்போது அந்தாளு மூஞ்சியில வர்ற சந்தோஷத்தைப் பாக்கணும் நீங்க. அப்புறம் கூரியர் கம்பெனி நவாஸ். இவன் புத்தகமே வாங்கமாட்டான், செல்போன்ல படிப்பான். அட்டை விதின்னு சொன்னதும் செல்போனுக்குப் பழுப்புத்தாள் சுத்திக்கிட்டு வந்தான் சார்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

நானா? நான் இவங்களை மாதிரி கண்டதைப் படிக்கிறவன் இல்லை. மூணு வருஷமா ஒரே நாவல்தான். ஆழமான எழுத்து சார், அதையெல்லாம் அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. எனக்குன்னு ஒரு முறை இருக்கு. ஆபீஸ்ல பத்திரம் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. முன்னுரையை நிதானமா படிப்பேன், பின்னட்டையைப் படிப்பேன், கடைசிப் பக்கத்தை ஒரு பார்வை. நடுவுல இருக்கறதெல்லாம் எல்லாப் பத்திரத்துலயும் ஒண்ணேதான். இதை வச்சே முக்கால் மணி நேரம் பேசுவேன். மூணு நிமிஷ விதி எனக்குக் கிடையாது, மணி என் கையிலதானே இருக்கு. ஒரு பய கேள்வி கேட்டதில்லை. கேக்கவும் விஷயம் வேணுமே!

இந்தக் கூட்டத்துக்கு அவளை நான்தான் கூட்டிட்டுப் போனேன். போன வருஷம் கண்புரை ஆபரேஷன் ஆச்சு அவளுக்கு. கண்ணு தெளிஞ்சதும், "நானும் வரட்டுமாங்க"ன்னா. சுண்டல் தூக்கை மாடி ஏத்த ஒரு ஆள் வேணுமேன்னு, சரி வான்னேன். மூணு மாசம் ஒரு ஓரமா உட்கார்ந்து எல்லாரும் பேசறதைக் கேட்டுக்கிட்டு இருந்தா. நாலாவது மாசம், இந்த ஜனவரி, சிங்காரம் உட்கார்ந்ததும் இவ எழுந்திருச்சுட்டா. கையில பழுப்பு அட்டை போட்ட புத்தகம். அழகா மடிச்சு ஒட்டியிருக்கா. "நான் இப்ப படிச்சிட்டிருக்கிறது"ன்னு ஆரம்பிச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வீட்ல ஒரு நாள்கூட நாவலும் கையுமா நான் அவளைப் பாத்ததில்லை. எங்க படிச்சா, எப்ப படிச்சா?

என்ன கதை? அதைத்தானே சொல்ல வந்தேன், கவனமா கேளுங்க.

ஒரு சின்ன ஊரு. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. புருஷன் காலையில பேப்பரை முதல் வரியிலேருந்து சத்தமா படிப்பான். ஒவ்வொரு செய்திக்கும் நடுவுல "கேக்குதா?"ம்பான். அவ அடுப்படியிலேருந்து "உம்"ம்பா. ஒரு நாள் அவளுக்கு என்ன தோணுச்சோ, எத்தனை "உம்" சொல்றோம்னு எண்ணறா. ராத்திரி படுக்கறதுக்குள்ள நாப்பத்தொண்ணு. வேற வார்த்தைன்னு பாத்தா மொத்தம் ஆறு. அதுல நாலு, "சாப்பிட வாங்க" ரெண்டு தடவை. இதான் முதல் அத்தியாயமாம்! நான் அப்பவே சொன்னேன், உம் கொட்டறதையெல்லாம் உட்கார்ந்து எண்ணி எழுதறவன் எழுத்தாளனான்னு. ஆனா பாருங்க, கூட்டமே நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு உட்காருது. அந்தப் பல் டாக்டர் அம்மா, "அடுத்த மாசமும் இதையே சொல்லுங்கக்கா"ங்குது.

பிப்ரவரியில ஒரு கடுதாசி வந்துச்சு. கதையிலதான் சார். கல்யாணமான புதுசுல அந்தப் பொம்பளைக்கு பி.எட். படிக்க இடம் கிடைச்சு கடுதாசி வருது. புருஷன் வாங்கிப் பாத்துட்டு, "பின்னர் பார்க்கலாம்"னு மூலையில பென்சிலால எழுதி ஃபைல்ல போட்டுடறான். முப்பத்தாறு வருஷம் கழிச்சு ஒட்டடை அடிக்கும்போது அது அவ கையில கிடைக்குது. பென்சில் எழுத்து அழியாம இருக்காம். இதைக் கேட்டு எல்லாரும் "அடப்பாவி"ங்கறாங்க. இதுல என்னய்யா அடப்பாவின்னு கேட்டேன். எங்க வீட்லகூட அப்படி ஒரு கடுதாசி வந்திருக்கு. நானும் ஃபைல்லதான் வச்சேன், தொலைச்சிடலையே! எல்லா வீட்லயும் நடக்கறதை எழுதறதுக்கு ஒரு எழுத்தாளன் எதுக்கு, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அந்தப் புருஷனைப் பத்தி ஒரு அத்தியாயம். அவன் புத்தகத்துல முன்னுரையும் கடைசிப் பக்கமும் மட்டும்தான் படிப்பானாம். படிச்சுட்டு ஊரெல்லாம் போய் மணிக்கணக்கா பேசுவானாம். ஐயோ, அன்னிக்குச் சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு! நவாஸ் நாற்காலியோட கவுந்துட்டான். சிங்காரம் கண்ணுல தண்ணி. சிரிச்சுட்டு எல்லாரும் திரும்பி என்னையே பாக்கறாங்க. மூத்த வாசகன் இல்லையா, நான் என்ன தீர்ப்பு சொல்றேன்னு பாக்கறாங்க. நான் எழுந்து, "பாத்திரப் படைப்பு மிகை. இப்படி ஒரு மடையன் உலகத்துல இருக்கமாட்டான்"னு சொன்னேன். அதுக்கும் சிரிக்கறாங்க. ரசனை கெட்ட ஜென்மங்க.

ஏப்ரல்ல அழ வச்சுட்டா. அதை நான் மறைக்கக் கூடாது, உள்ளதைச் சொல்லணும். அந்தப் பொம்பளைக்குக் கண்ணுல ஆபரேஷன். டாக்டர் பத்து நாள் கண்ணை வருத்தக் கூடாது, எதையும் படிக்கக் கூடாதுன்னுட்டார். கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கா. படுத்திருக்கிறவ முதல் தடவையா வாயைத் திறந்து புருஷன்கிட்ட ஒண்ணு கேக்கறா. "ஏதாச்சும் ஒரு கதை படிச்சுக் காட்டுங்களேன்"னு. அவனும் அலமாரியிலேருந்து ஒண்ணை எடுத்துட்டு வந்து பக்கத்துல உட்கார்றான். முன்னுரையைப் படிக்கிறான். முடிச்சுட்டு, "மத்ததெல்லாம் வளவளன்னு இருக்கு, சாரம் இவ்வளவுதான்"னு மூடி வச்சுட்டு எழுந்து போயிடறான். அவ அப்படியே கிடக்கா. முன்னுரையில ஒரு வரி வருதாம், "ஒரு மழை நாளில் படகில் ஏறும் அந்தப் பெண்"னு. படகுல ஏறினவ எங்க போனா, கரை சேந்தாளா, கூட யாரு இருந்தான்னு பத்து நாளும் அதையே நினைச்சுக்கிட்டு மூடின கண்ணோட கிடந்தாளாம். கண்ணைத் திறக்கச் சொன்ன அன்னிக்கு எழுந்து போய் அந்தப் புத்தகத்தைத் தேடறா. அவன் அதை யாருக்கோ இரவல் குடுத்துட்டான்.

மூணு நிமிஷம் எப்பவோ தாண்டிப் போச்சு சார். மணி என் கையிலதான் இருக்கு. நான் அடிக்கலை. ஏன் அடிக்கலைன்னு எனக்கே தெரியலை. ரெஜினா மேரி கர்சீப்பை வாயில வச்சுக்கிட்டு அழுவுது. அதுக்கப்புறம் எழுந்தவங்க எல்லாம், "எங்க புத்தகம் கிடக்கட்டும், அக்கா இன்னும் பேசட்டும்"னுட்டு உட்கார்ந்துட்டாங்க. நான் தயார் பண்ணிட்டுப் போன முக்கால் மணி நேரப் பேச்சு அப்படியே பையில இருக்கு. வயித்தெரிச்சலா இருந்துச்சு எனக்கு, பொய் சொல்லலை. வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன், "ஏண்டி, கண்ணு ஆபரேஷன்லாம் நம்ம வீட்லயும்தான் நடந்துச்சு. நானும் உனக்குப் படிச்சுக் காட்டினேன். முன்னுரை முழுசும் படிச்சேன், ஒரு வரி விடலை. அதுக்காக நீ அழுதியா என்ன?"ன்னேன். அவ சொன்னா, "உம்."

நேரமாகுதா? இன்னும் கொஞ்சம்தான் சார், முக்கியமான இடம் வந்தாச்சு.

ஜூன் மாசம். அந்தப் பொம்பளைக்குக் காரைக்கால்லேருந்து போன் வருது. கூடப் படிச்சவ ஒருத்தி. வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் நடத்தறா. "எனக்கு முடியலை, நீ வந்து கூட இருந்து பாத்துக்கோ. மாடியில தனி ரூம் இருக்கு, ஜன்னலைத் திறந்தா காத்து வரும்"ங்கறா. அவளுக்குப் போகணும்னு ஆசை. ஆனா போகத் தெரியலை. நடுவுல நிக்கறா. "நான் இருநூத்திப் பத்தாவது பக்கத்துல இருக்கேன், அவ என்ன செய்யப் போறான்னு எனக்கும் இன்னும் தெரியலை"ன்னுட்டு என் வீட்டுக்காரி உட்கார்ந்துட்டா.

கூட்டம் ரெண்டு பட்டுப் போச்சு. கொலைக் கதை சிங்காரம், "பாவம், அந்த மனுஷன் வயசான காலத்துல தனியா என்ன பண்ணுவான், போகக் கூடாது"ங்கறார். ரெஜினா மேரி, "அவ இஷ்டம்"ங்குது. எனக்கு ஆத்திரம் தாங்கலை. எழுந்தேன் சார். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு பேச்சு நான் பேசினதில்லை. "போகணும்யா! போகலைன்னா அந்தப் புத்தகத்தை எடைக்குப் போடுங்க! முப்பத்தாறு வருஷம் ஒரு மனுஷி உம் கொட்டியே செத்திருக்கா. அவளைத் திரும்ப அதே அடுப்படியில கொண்டு போய் நிறுத்தினா எழுதினவன் ஒரு கோழை! அந்தப் புருஷன் என்ன ஆனா என்ன? அவன் ஒரு ஆளா? அவனுக்கெல்லாம் இரக்கப்படறவன் நாவல் படிக்கவே லாயக்கில்லை"ன்னு கையை ஓங்கி மேஜையில அடிச்சேன். மணி தானா அடிச்சுது.

என் வீட்டுக்காரி மட்டும் மெதுவா எழுந்து என்னைப் பாத்தா. "நிஜமாத்தான் சொல்றீங்களா?"ன்னா. "நிஜமாத்தான் சொல்றேன், அவ போனாத்தான் அது நாவல்"னேன். "போயிட்டா நீங்க கோவிச்சுக்க மாட்டீங்களே?"ன்னா. "நான் எதுக்கடி கோவிக்கறேன், நின்னு கை தட்டுவேன்"னேன். ரெஜினா மேரி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. நவாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். அன்னிக்கு என் பேச்சு அப்படி எடுபட்டுப் போச்சு.

ஆகஸ்ட் கூட்டத்துல, "முடிச்சுட்டேங்க"ன்னா. எல்லாரும் என்ன ஆச்சு என்ன ஆச்சுங்கறாங்க. "போயிட்டா"ன்னா. எப்படிப் போனா? ஒரு புதன்கிழமை காலையில. புருஷன் லைப்ரரிக்குப் போயிருக்கான். நாலு நாளைக்கு வர்ற மாதிரி மாவு அரைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சா. கேஸை மூடினா. வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்ல குடுத்தா. ஒன்பதே முக்கால் பஸ். அவ்வளவுதான் கதை. சொன்னபடி நான் எழுந்து நின்னு கை தட்டினேன் சார். முதல் ஆளா நான்தான் தட்டினேன். ஒருத்தரும் கூடச் சேர்ந்து தட்டலை. "முடிச்சாச்சுல்ல, விதிப்படி புத்தகத்தோட பேரைச் சொல்லு"ன்னேன். "அடுத்த கூட்டத்துல சொல்றேங்க"ன்னா.

அதே மாசம் ஒரு புதன்கிழமை நான் லைப்ரரியிலேருந்து வந்தா, வீடு பூட்டியிருக்கு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை. அப்புறம் கால் தானா எதிர்வீட்டுக்குப் போச்சு. அந்தம்மா, "ஒன்பதே முக்கால் பஸ்ல போயிட்டாங்க"ன்னு சாவியை நீட்டினாங்க. ஃபிரிட்ஜைத் திறந்தேன். ரெண்டு தூக்கு மாவு. கேஸ் மூடியிருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. போனதுக்காக இல்லை சார்! சொந்தமா ஒண்ணு செய்யத் தெரியாதா ஒரு மனுஷிக்கு? ஒரு நாவலைப் படிச்சுட்டு அதுல வர்ற மாதிரியே, கிழமை மாறாம, பஸ் மாறாம, மாவு உட்பட அச்சு அசலா காப்பி அடிச்சு வச்சிருக்கா! தரங்கெட்ட புத்தகம் படிச்சா இதான் நடக்கும்னு கரடியா கத்தியிருக்கேன் அந்தக் கூட்டத்துல. எவன் கேட்டான்?

மேஜை மேல அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகம் மட்டும் இருந்துச்சு. சிக்கினியாடான்னு பாஞ்சு போய் அட்டையைக் கிழிச்சேன். உள்ளே என்ன இருந்துச்சு தெரியுமா? என்னோட பழைய பத்திரப்பதிவுக் கையேடு. நான் ஆபீஸ்ல வச்சிருந்தது. பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறேன், பிரிவு பதினேழு, பிரிவு இருபத்தெட்டுன்னு ஓடுது. எட்டு மாசமும் இதைத்தான் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசினாங்கன்னு நவாஸ் போன்ல சொல்றான். "அங்கிள், அப்படி ஒரு புத்தகமே கிடையாது. எங்க எல்லாருக்கும் மார்ச் மாசமே தெரியும்"ங்கறான். போடா போன்ல படிக்கிற பயலேன்னு வச்சுட்டேன். செல்போன்ல விரலைத் தேய்க்கிறவனுக்குப் புத்தகத்தைப் பத்தி என்ன தெரியும்? தந்திரக்காரி சார் அவ. அசலை எடுத்துக்கிட்டு, அட்டையை மட்டும் இதுக்கு மாத்திப் போட்டுட்டுப் போயிருக்கா.

போன் பண்ணினேன். எடுத்தா. "மாவு தீந்துடுச்சா?"ன்னா. தீந்து மூணு நாளாச்சுன்னேன். "ஓட்டல் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்குதா?"ன்னா. அதெல்லாம் இருக்கட்டும், என்ன நினைச்சுக்கிட்டு இருக்கே, மரியாதையா கிளம்பி வான்னு சத்தம் போட்டேன். முழுசும் கேட்டா. கேட்டுட்டு, "நான் ஒரு நாவல் படிச்சிட்டிருக்கேங்க. நல்ல இடத்துல நிக்குது, வைக்கட்டுமா"ன்னா. "எத்தனாவது பக்கம்?"னு கேட்டுட்டேன். பழக்கதோஷம். "பக்கம் பாக்கலைங்க. படகு இன்னும் கரைக்கு வரலை"ன்னுட்டு வச்சுட்டா. என் பொண்ணு ஒருத்திதான் என் கட்சி. ஓசூர்லேருந்து பேசினா. "நீங்க அந்தப் புத்தகத்தைத் தேடுங்கப்பா, நல்லா தேடுங்க, கிடைக்கிற வரைக்கும் தேடுங்க"ன்னா. அவளுக்காவது என் நியாயம் புரியுதே.

வர்ற முதல் ஞாயிறு கூட்டத்துக்கு வருவேன்னு ரெஜினா மேரிகிட்ட சொல்லியிருக்காளாம். வீட்டுக்கு வரமாட்டாளாம், கூட்டத்துக்கு வருவாளாம். கூத்தைப் பாத்தீங்களா? வரட்டும். அன்னிக்குப் புத்தகம் என் கையில இருக்கணும். இந்தத் தடவை முன்னுரையோட விடப் போறதில்லை, முழுசையும் படிக்கப் போறேன். அவ போன பிறகு அந்தப் புருஷன் என்ன பண்ணினான்னு அவ சொல்லவே இல்லை சார். அவ பஸ் ஏறினதோட முடிச்சுட்டா. மனுஷன் அந்த வீட்ல என்ன பண்றான், காலையில பேப்பரை யாருக்குப் படிக்கிறான், "கேக்குதா"ன்னு கேட்டுட்டு யார் பதிலுக்குக் காத்திருக்கான், அதையும் எழுதியிருக்கணுமே? அவன் என்ன மரக்கட்டையா? எனக்கு அது தெரிஞ்சாகணும்.

என்ன சார், தேடக்கூடச் செய்யாம தலையாட்டறீங்க?

இல்லையா? எது, அப்படி ஒரு நாவலே வரலையா? முப்பது வருஷமா இந்தக் கடையில இருக்கேன், வந்திருந்தா தெரியாம இருக்காதுன்னு சொல்றீங்க... சரி. அப்புறம்? மெதுவா சொல்லுங்க.

என் கதையா?

நல்லா யோசிச்சுப் பேசுங்க சார். என் வீட்டுக் கதைன்னா அதைக் கேட்டு அந்தப் பல் டாக்டர் அம்மா எதுக்கு அழணும்? இருபத்தஞ்சு பேர் எதுக்கு சுண்டலைத் தொடாம உட்கார்ந்திருக்கணும்? அந்த முப்பத்தாறு வருஷமும் நான் அங்கேயேதானே சார் இருந்தேன்? எனக்கு ஒரு நாளும் அழுகை வந்ததில்லையே.

இல்லை, தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்லை. கண்ணுல உங்க புத்தகத் தூசி.

நீங்க சொல்றதை நான் ஒத்துக்கலை. இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். சில எழுத்தாளருங்க மறுபதிப்பு போடும்போது முடிவை மாத்துவாங்களாமே, உண்மையா? யாராச்சும் எழுதிக் கேட்டா, மன்னிப்புக் கேட்டா, மாத்துவாங்களா? அப்படி ஏதாச்சும் பதிப்பு வந்திருக்கான்னு மட்டும் உள்ளே போய்ப் பாருங்க சார். பொறுமையா தேடுங்க, எனக்கு வீட்டுக்குப் போக ஒண்ணும் அவசரமில்லை.